பார்க்க எளிது, தைத்தால் தெரியும்: குவில்ட் வேலையில் சறுக்கும் இடங்கள்

துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த விரிப்புதான் குவில்ட். துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு குவில்ட்டின் கஷ்டத்தைக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம். 200 சதுரம் என்றால் மலைப்பு, 20 பெரிய சதுரம் என்றால் சுலபம் என்று தோன்றும். வேலையை உண்மையில் கடினமாக்குபவை மூன்று: இழுபடும் துணி விளிம்பு, தையலுக்குத் தையல் சேர்ந்துகொண்டே போகும் சின்னப் பிசகு, மெஷினில் ஏற்ற வேண்டிய மொத்த எடை. டிசைனைத் தேர்ந்தெடுக்கும்போதே இவை மூன்றும் அதில் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். துணியை வெட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் இன்ச்சில். தையல் மார்ஜின், அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் இடையே விடும் இடம், எங்கும் கால் இன்ச்.

வெறும் சதுரங்கள்

கால் இன்ச்சைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுத் தைத்தால், ஒரு தையலில் இரண்டு துண்டும் சேர்ந்து 1 மில்லிமீட்டர் குறையும். 12 சதுரம் உள்ள வரிசையில் 11 தையல், ஆகவே வரிசை 11 மில்லிமீட்டர் குட்டையாகும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால் யாருக்கும் தெரியாது. 25 சிறு சதுரம் கொண்ட பிளாக்கை (டிசைனின் ஒரு கட்டத்தை) ஒரே துண்டான பிளாக்குடன் இணைக்கும்போதுதான் வினை. முதலாவதில் ஒரு வரிசைக்கு 4 தையல், 4 மில்லிமீட்டர் குறைவு. இரண்டாவதில் குறைவே இல்லை. இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம், ஆனால் அந்த இடம் உப்பிக்கொண்டு நிற்கும்.

வெட்டத் தொடங்கும் முன் ஒரு சோதனை. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கவாட்டில் இணைத்து, அயர்ன் செய்து அளந்து பாருங்கள். மொத்த அகலம் சரியாக 3½, நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் மார்ஜினை ஒரு நூலிழை குறையுங்கள். துணி மடிந்து திரும்பும் இடத்திலும் நூலின் தடிமனிலும் கொஞ்சம் அளவு போய்விடுவதால், அச்சாகக் கால் இன்ச் விட்டுத் தைத்தாலும் பட்டை சற்றுக் குறையும். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டி வையுங்கள். துணி விளிம்பு அந்த மேட்டில் உரசிக்கொண்டே நேராகப் போகும்.

முக்கோணம் வந்தால் கிராஸ் வரும்

துணியைப் பாவு நூலோடோ ஊடை நூலோடோ நேராக வெட்டினால் விளிம்பு உறுதியாக இருக்கும். மூலைவிட்டமாக வெட்டினால் அது கிராஸ். கையில் எடுத்தாலே நீளும். சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்கி, பிறகு தைக்கும் வழியில் தையல் விழுவதே அந்தக் கிராஸ் விளிம்பில்தான். முடித்த அளவு (தைத்து முடிந்தபின் தெரியும் அளவு) 3 இன்ச் வேண்டுமானால் 3 7/8 இன்ச் சதுரம் என்று கணக்கு சொல்லும். அதை நம்பி வெட்டினால் திருத்த இடமே இருக்காது.

4 இன்ச் சதுரங்கள் இரண்டை முகத்தோடு முகம் வையுங்கள். மூலையிலிருந்து மூலைக்குக் கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, அதன்பின் கோட்டில் வெட்டுங்கள். வெட்டும்போது கிராஸ் விளிம்பு ஏற்கெனவே தையலில் பூட்டப்பட்டிருக்கும். கிடைக்கும் இரண்டையும் 3½ இன்ச்சுக்குத் திருத்துங்கள். திருத்தும்போது ஸ்கேலின் 45 டிகிரிக் கோடு தையல்மேல் பொருந்தியிருக்கட்டும்.

இரண்டு சதுரத்தின் நாலு பக்கத்தையும் சுற்றித் தைத்து, இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி ஒரே மூச்சில் நாலு எடுக்கும் வழி வேகமானது. ஆனால் அதில் பிளாக்கின் வெளி விளிம்பு நான்கும் கிராஸாகிவிடும். பிளாக் கோணிக்கொள்ளும். எங்கள் கருத்தில் அது வேண்டவே வேண்டாம். கட்டாயம் என்றால் துணிக்கு முன்கூட்டியே கனமாகக் கஞ்சி போடுங்கள்.

பிளாக்குகளை வைர வடிவில் சாய்த்து அடுக்கும் டிசைனிலும் இதே பொறி உண்டு. ஓரத்தை நிரப்பும் முக்கோணத்தின் நீளப் பக்கம் நேர் நூலில் வந்தால்தான் குவில்ட்டின் ஓரம் அலையடிக்காது. 12 இன்ச் பிளாக் என்றால் 18¼ இன்ச் சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நான்கு ஓர முக்கோணம் எடுங்கள். நான்கு மூலைகளுக்கு 9⅜ இன்ச் சதுரங்கள் இரண்டு, ஒவ்வொன்றையும் ஒரே மூலைவிட்டத்தில் வெட்டினால் போதும். மற்ற அளவுகளுக்குக் கணக்கு: ஓரத்துக்குப் பிளாக் அளவை 1.414ஆல் பெருக்கி 1¼ சேர்க்கவும். மூலைக்கு 1.414ஆல் வகுத்து 7/8 சேர்க்கவும்.

டி-ஷர்ட் குவில்ட்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். துண்டுகள் பெரியவை, தையல் எல்லாம் நேர்க்கோடு. ஆனாலும் முதல் குவில்ட்டுக்கு இது நல்ல தேர்வு இல்லை. பின்னல் துணி நாலாபுறமும் நீளும். வெட்டியவுடன் ஓரம் சுருண்டுகொள்ளும். மெஷின் தட்டில் துணியை நகர்த்தும் பல் இழுக்கும் வேகத்தில் கீழே உள்ள துணியும், ஊசியைச் சுற்றித் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் அடியில் மேலே உள்ள துணியும் வேறு வேறு நீளத்துக்குப் போகும்.

ஷர்ட்களைத் துவைக்கும்போது சாஃப்ட்னர் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஃப்யூசிங் (சூட்டில் ஒட்டும் பசைத்துணி) ஒட்டாது. 15 இன்ச் முடித்த அளவுக்கு முதலில் படத்தை நடுவில் வைத்துத் தோராயமாக 18 இன்ச்சுக்கு வெட்டுங்கள். பின்பக்கம், நீளாத மெல்லிய ஃப்யூசிங்கை 17 இன்ச் சதுரமாக வைத்து ஒட்டுங்கள். ஃப்யூசிங் ஷர்ட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பசை அயர்ன் டேபிளில் ஒட்டும். அயர்ன் பாக்ஸைத் தேய்க்கக் கூடாது. வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் ஷர்ட் இழுபட்ட நிலையிலேயே ஒட்டிவிடும். ஆறும்வரை அசைக்காதீர்கள். அச்சிட்ட படத்தின்மேல் சூடு நேராகப் படவே கூடாது, உருகி அயர்னில் வந்துவிடும்.

ஆறிய பிறகுதான் 15½ இன்ச்சுக்குத் துல்லியமாக வெட்ட வேண்டும். முதலிலேயே அளவாக வெட்டிவிட்டு ஒட்டினால் எந்த இரண்டு சதுரமும் ஒத்துப்போகாது. பாதிக் குவில்ட்கள் கெடுவது இங்கேதான்.

5 வரிசை, வரிசைக்கு 4 என்று 20 ஷர்ட் இருந்தால் முடிந்த அளவு 60க்கு 75 இன்ச். 90 சென்டிமீட்டர் அகல ஃப்யூசிங்கில் அகலத்துக்கு இரண்டு சதுரம்தான் வரும், ஆகவே நாலரை மீட்டர் வாங்குங்கள். ஊசி, பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி, 80 அல்லது 90 எண். சாதாரண ஊசி பின்னல் இழையை அறுத்துவிடும், ஓட்டை துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். தையல் மடிப்பை இருபுறமும் விரித்து அயர்ன் செய்யுங்கள். ஒரே பக்கம் சாய்த்தால் தடித்துப்போகும். ரப்பர் போலத் தடித்த அச்சு இருந்தால் குவில்டிங் தையலை (மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையலை) அதைச் சுற்றியே ஓட்டுங்கள். அதில் ஊசி போட்ட ஓட்டை மறையாது.

எட்டு முனை நட்சத்திரம்

45 டிகிரி வைரங்கள் எட்டு நடுவில் கூடும். ஒவ்வொன்றும் 1 டிகிரி கூடினால் மொத்தம் 8 டிகிரி அதிகம், நடுப்பகுதி படியாமல் எழும்பி நிற்கும். எவ்வளவு அயர்ன் செய்தாலும் அது இறங்காது. பிரித்துத் தைப்பதுதான் வழி. வைரங்களை இணைக்கும்போது துணி விளிம்பைப் பொருத்தினால் முனைகள் பொருந்தாது. விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே, தையல் விழப்போகும் இடத்தில் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தி, இரண்டு தையலும் அதே புள்ளியில் சந்திக்கிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள். ஓரச் சதுரங்களைப் பொருத்தும் உள்மூலையில், கால் இன்ச் மிச்சம் இருக்கும்போதே தையலை நிறுத்தி முடிச்சிட வேண்டும். ஒரு தையல் தாண்டிப் போனாலும் மூலை சுருங்கும்.

அறுகோணம்: கஷ்டமில்லை, காலம்தான்

காகிதத்தின்மேல் துணியை மடித்துக் கையால் தைக்கும் அறுகோணத்தில் நுணுக்கம் குறைவு. எண்ணிக்கைதான் பிரச்சினை. பக்கம் 1 இன்ச் உள்ள அறுகோணத்தின் பரப்பு சுமார் 2.6 சதுர இன்ச். 60க்கு 75 இன்ச் விரிப்புக்கு ஏறத்தாழ 1,730 துண்டு வேண்டும். பக்கத்தை 1½ ஆக்கினால் 770 போதும். பத்துத் துண்டு தைக்க ஆகும் நேரத்தைப் பார்த்து, பெருக்கிப் பார்த்துவிட்டுத் துணி வாங்குங்கள்.

பார்டரும் பெரிய அளவும்

நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை. ஓரம் அலையடிப்பதற்கு முதல் காரணம் அதுதான். ஓரங்கள் ஏற்கெனவே கொஞ்சம் நீண்டிருக்கும், பட்டையும் அந்த நீட்சிக்கே வளர்ந்துவிடும். குவில்ட்டின் நடுவிலும், அதற்கு இருபுறமும் என மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டையும் அந்த ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். நடு, கால் பாகங்கள், முனைகள் என்று குண்டூசி குத்திய பிறகு தையுங்கள்.

அடித்துணியும் பேட்டிங்கும் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பும்) நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியைத் தரையில் டேப் போட்டு ஒட்டும்போது சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதிகம் இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கி, பின்பக்கம் கொசுவம் விழும். சேஃப்டி பின் 4 இன்ச்சுக்கு ஒன்று.

வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே பெரும்பாலும் 6 முதல் 8 இன்ச்தான். 90 இன்ச் அகலக் குவில்ட்டில் பாதி, அதாவது 45 இன்ச், சுருட்டி அதற்குள் போக வேண்டும். தையல் கோணலாவது உங்கள் கையால் என்று நினைக்காதீர்கள். மேசைக்குக் கீழே தொங்கும் எடை இழுப்பதுதான் காரணம். இடப்பக்கமும் பின்புறமும் அதே உயரத்தில் மேசை போட்டு எடையைத் தாங்குங்கள். நேர்க்கோடுகளுக்கு வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்), 90 ஊசி, 3 மில்லிமீட்டர் தையல். நடுக்கோட்டில் தொடங்கி ஒரு பாதியை முடித்துவிட்டு, திருப்பி மறுபாதி. ஒவ்வொரு பாதியிலும் எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஓட்டுங்கள். மாறி மாறி மேலும் கீழுமாக ஓட்டினால் கோடுகளுக்கு இடையே சாய்வான சுருக்கம் விழும். 60 இன்ச்சுக்கு மேல் அகலம் என்றால் மூன்று பாகமாகக் குவில்ட் செய்து பிறகு இணைக்கும் முறையே உடம்புக்கும் மெஷினுக்கும் நல்லது.

விளிம்புப் பட்டிக்கு 2½ இன்ச் பட்டைகள், சுற்றளவோடு 12 இன்ச் சேர்த்து வெட்டுங்கள். 60க்கு 75 இன்ச் குவில்ட்டுக்கு 282 இன்ச். பட்டைக்கு 40 இன்ச் கணக்கில் ஏழு போட்டால் 2 இன்ச் குறையும், எட்டாவதையும் வெட்டிவிடுங்கள். பட்டைகளைச் சாய்வாக இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் சேராது. இணைப்பு எதுவும் மூலையில் வந்து விழுகிறதா என்று தைப்பதற்கு முன்பே குவில்ட்டைச் சுற்றி ஒருமுறை வைத்துப் பாருங்கள். விழுந்தால் தொடங்கும் இடத்தை ஒரு சாண் தள்ளிக்கொள்ளுங்கள்.