ரைசன் பிராசசரில் கூலர் பொருத்துவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

கம்ப்யூட்டரை முதல்முறையாக அசெம்பிள் செய்பவர்கள் பிராசசரை மதர்போர்டின் சாக்கெட்டில் வைக்கத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அது அரை நிமிட வேலை. நிதானம் வேண்டியது அடுத்து வரும், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலருக்குத்தான். அது பிராசசர்மேல் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

பலர் வாங்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 பிராசசரையும், அதோடு பெட்டியிலேயே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரையும் எடுத்துக்கொள்வோம். இது உட்காரும் சாக்கெட்டின் வகை ஏஎம்4. தேவையான கருவி ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் மட்டுமே.

முதலில், போர்டைத் தயார் செய்யுங்கள்

மதர்போர்டைக் கேபினட்டுக்குள் மாட்டுவதற்கு முன்பே கூலரைப் பொருத்திவிடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் அதை வைத்து வேலை செய்தால் கை நன்றாகப் புழங்கும்.

சாக்கெட்டின் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். கொக்கி போட்டு மாட்டும் கூலர்களுக்குத்தான் அவை தேவை. ஸ்டெல்த் கூலர் ஸ்க்ரூவில் நிற்பது. அதனால் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பட்டைகளை எடுத்துவிடுங்கள். இங்கே கவனம்: போர்டின் பின்னால் இருக்கும் பேக்பிளேட் என்ற தகட்டைப் பிடித்திருந்ததும் அதே ஸ்க்ரூக்கள்தான். போர்டைத் தூக்கினால் அது கீழே விழுந்துவிடும். விழுந்தால் பதற வேண்டாம், பின்னாலிருந்து மறுபடி வைத்து, அதன் நான்கு குழல்களும் துளைகள் வழியாக மேலே தெரிகின்றனவா என்று பாருங்கள். பேக்பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஸ்க்ரூ முடுக்க அதுதான் பிடிமானம்.

பேஸ்ட்

இரண்டு உலோகப் பரப்புகள் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பவே தெர்மல் பேஸ்ட்.

புதிய ஸ்டெல்த் கூலரின் அடியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு போட வேண்டாம், விரலாலும் தொட வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால், அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, பிராசசரின் நடுவில் 4–5 மி.மீ. அகலத்தில் ஒரு சொட்டு பேஸ்ட் வையுங்கள். அழுத்தத்தில் அதுவே பரவிக்கொள்ளும். அந்தத் தாளை உரிக்க மறந்துவிட்டு, கம்ப்யூட்டர் ஏன் சூடாகிறது என்று தேடுபவர்கள் இன்றும் உண்டு.

உட்கார வைப்பதும் முடுக்குவதும்

ஃபேன் வயர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டில் 'சிபியு ஃபேன்' என்று அச்சடித்த நான்கு பின் இணைப்பு, பெரும்பாலும் சாக்கெட்டுக்கு மேற்புறம் இருக்கும். பிறகு கூலரை நேராக இறக்குங்கள். வைத்தபின் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது, பேஸ்டுக்குள் காற்று புகுந்துவிடும்.

இப்போது முக்கியமான கட்டம். ஒரு ஸ்க்ரூவை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். முதலில் நான்கையும் மரை பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். அப்புறம் கார் டயர் மாற்றும்போது நட்டுகளை முடுக்குவதுபோல, எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு சுற்று. ஸ்பிரிங் இருப்பதால் போகப் போகக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அது சரிதான். ஸ்க்ரூ தானாக நின்றதும் கையை எடுத்துவிடுங்கள்.

வயரைச் செருகிவிட்டு, அது ஃபேன் இறக்கையில் படவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

சரியாக உட்கார்ந்ததா?

அசெம்பிள் செய்து முடித்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் வெப்பநிலையைப் பாருங்கள். 40, 50 டிகிரி பக்கம் நிலையாக நின்றால் நல்லது. கோடையில் இன்னும் சற்றுக் கூடலாம். நிற்காமல் 70, 80 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிடுங்கள், கூலர் சரியாகப் படியவில்லை. இந்தப் பிராசசரின் உச்ச வரம்பு 90 டிகிரி. ஃபேன் பிழை என்று திரையில் செய்தி வந்தால், வயரை வேறு இணைப்பில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்டெல் பிராசசர் பெட்டியோடு வரும் கூலரில் பெரும்பாலும் ஸ்க்ரூவுக்குப் பதில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அவற்றையும் எதிரெதிர் மூலையாக, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி, நான்கும் போர்டின் பின்புறம் வெளியே வந்திருக்கின்றனவா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

கழற்ற நேர்ந்தால்

ஏஎம்4-இல் கூலரை வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டைவிட்டுச் சேர்ந்தே வரும். அதன் அடியில் 1331 மெல்லிய பின்கள் இருக்கின்றன, வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும், அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்குங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிக்கொண்டே தூக்குங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரு பக்கமும் துடைத்துவிட்டு, புதிய பேஸ்ட் வைத்தபிறகே மறுபடி மாட்ட வேண்டும்.