எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும்போது குழந்தைக்கு முயல்வது: மாற்று மருத்துவத்துக்கு எவ்வளவு இடம், எவ்வளவு காலம்

கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ். அது இருக்கிறதென்று ஸ்கேனிலோ, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியிலோ தெரிந்த மறுவாரமே ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மலைவேம்பு, கழற்சிக்காய், அசோகப்பட்டை, அக்குபஞ்சர், ஹோமியோபதி என்று பட்டியல் நீளும். இதில் எதைத் தொடலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வலி குறைவது வேறு, கரு தங்குவது வேறு. வலிக்கும் தூக்கத்துக்கும் மாற்று முறைகள் சில ஓரளவு கைகொடுக்கும். கருத்தரிக்கும் வாய்ப்பை அவை கூட்டுகின்றன என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும், உணவுமுறை, சீன மருத்துவம், அக்குபஞ்சர், உடற்பயிற்சி என எதையும் கருத்தரிப்புக்காகப் பரிந்துரைக்க முடியாது என்றே சொல்கிறது. அதனால் மருந்தைவிட நாள்காட்டிதான் இங்கே முக்கியம்.

வைத்தியரைப் பார்க்கும் முன் கையில் இருக்க வேண்டிய ரிப்போர்ட்டுகள்

முதல் பரிசோதனை கணவருக்கு. மலிவானது, வலியில்லாதது, ஆனால் பல வீடுகளில் கடைசியாகத்தான் நடக்கிறது. விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இருந்துவிட்டு விந்து மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைவு 42 சதவீதம். குறைவாக வந்தால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் மறுபடி எடுங்கள். விந்தணு உருவாகி வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும்; இடையில் வந்த ஒரு காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் கவிழ்த்துவிடும்.

மனைவிக்கு சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை, மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் உள்வழி ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எச்.எஸ்.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு) ஆகியவை வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி) எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், சினைப்பையில் எத்தனை சிறு முட்டைப்பைகள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது தைராய்டு, ஹார்மோன் அளவுகளைப் பொய்யாகக் காட்டும்.

காலக்கெடு

வயது 35க்குள், கருக்குழாய்கள் திறந்திருக்கின்றன, கட்டி இல்லை அல்லது சிறியது, ஏ.எம்.எச். சரியாக இருக்கிறது, கணவர் ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறது என்றால் இயற்கையாக 6 மாதம் முயலலாம். யோகாவோ அக்குபஞ்சரோ அந்த 6 மாதத்துக்குள் அடங்க வேண்டும். "அதை முடித்துவிட்டு முயலலாம்" என்று அதற்குத் தனியாக 6 மாதம் ஒதுக்காதீர்கள். 35 தாண்டியிருந்தாலோ, ஏ.எம்.எச். ஒரு மில்லிலிட்டரில் 1.2 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலோ, இரு பக்கமும் கட்டி இருந்தாலோ காத்திருப்பு வேண்டாம், நேரே கருத்தரிப்பு மருத்துவரிடம் போங்கள். இரண்டு குழாயும் அடைபட்டிருந்தால் எந்தக் கஷாயமும் அதைத் திறக்காது. அங்கே ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) பேச்சுதான்.

இன்னொரு பொறி இந்த நோய்க்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான டயனோஜெஸ்ட் 2 மி.கி. வலியை நன்றாக அடக்கும், ஆனால் முட்டை வெடிப்பதையும் அடக்கிவிடும். அதைச் சாப்பிட்டபடியே கூடவே நாட்டு மருந்தும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் ஏமாறுகிறவர்கள் உண்டு. முயற்சி தொடங்குகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். "சில மாதம் சாப்பிட்டு நிறுத்தினால் உடனே தங்கும்" என்பதற்கும் ஆதாரமில்லை. அத்தனை மாதமும் முயற்சிக்கான காலத்திலிருந்து குறைந்துவிடும்.

நாள் கணக்கு

எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு மாதவிலக்குக்கு முன் 2, 3 நாள் பழுப்பாகச் சொட்டுவது சகஜம். அதை முதல் நாளாக எண்ணினால் கணக்கு முழுதும் பிசகிவிடும். சிவப்பாக, நாப்கின் வைக்கும் அளவுக்குப் போக்கு தொடங்கிய நாளே முதல் நாள்.

கருத்தரிக்க ஏற்ற நாட்கள் முட்டை வெடிக்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய 5 நாட்கள், ஆக மொத்தம் 6. உங்கள் சுழற்சி 28 நாள் என்றால் 11ஆம் நாளிலிருந்து எல்.எச். ஸ்ட்ரிப் (முட்டை வெடிக்கப்போவதைச் சிறுநீரில் காட்டும் பட்டை) போடுங்கள். 32 நாள் என்றால் 15ஆம் நாளிலிருந்து. மதியத்துக்கு மேல், அதற்கு முன் 2 மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல் பார்ப்பது நல்லது. சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் பாசிட்டிவ். அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அன்றும் மறுநாளும் சேருங்கள். அதற்கு முன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

உறவின்போது உள்ளே ஆழமாக வலிப்பது இந்த நோயில் அடிக்கடி வருவது. வலிக்குப் பயந்து அந்த 6 நாளையும் தவிர்த்துவிடுவதும், வெளியே சொல்ல வெட்கப்படுவதும் கரு தங்காததற்கு ஒரு பெரிய காரணம். ஆழம் குறைவாக இருக்கும் நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். கடையில் விற்கும் வழக்கமான வழவழப்பு ஜெல்களில் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். விந்தணுவுக்குப் பாதிப்பில்லாதது என்று குறிப்பிட்டவற்றை வாங்குங்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி இந்த வலிக்கு உதவலாம். மாற்று வழிகள் என்று பார்த்தால் பலருக்கு முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

மாத்திரை விஷயம்: மெஃபனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்றவற்றை மாதவிலக்கு வலிக்கு முதல் 2, 3 நாள் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் நடுச்சுழற்சியில் தொடர்ந்து சாப்பிட்டால் முட்டைப்பை வெடிக்காமலே நின்றுவிடலாம். முட்டைப்பை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்கிள் ஸ்கேனில் 20 மி.மீ.க்கு மேல் வளர்ந்தும் உடையவில்லை என்று வந்தால், அந்த வாரம் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று யோசியுங்கள். அந்த நாட்களில் பாராசிட்டமால் போதும், ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமல்.

எது எதற்கு

அக்குபஞ்சர் எண்டோமெட்ரியோசிஸ் வலியைக் குறைத்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. கரு தங்குவதில் கதை வேறு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐ.வி.எஃப். செய்துகொண்ட 848 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், உண்மையான அக்குபஞ்சர் குழுவில் குழந்தை பிறந்தது 18.3 சதவீதம், போலி அக்குபஞ்சர் குழுவில் 17.8. வலிக்கும் மன இறுக்கத்துக்கும் போகிறீர்கள் என்றால் போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவில் பெரிய ரகசியம் இல்லை. வாரம் இருமுறை மத்தி மீன், கீரை, பயறு, இரத்தப்போக்கு அதிகமென்றால் இரும்புச்சத்து. ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மி.கி. மாத்திரை, அந்த அளவு சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழல் குறை (மூளை, தண்டுவடம் சரியாக உருவாகாத குறை) போன்ற காரணம் உள்ளவர்களுக்கு. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல் வேறு. பின்னது கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

மூலிகைகளுக்கு வருவோம். மாதவிலக்கின் முதல் 3 நாள் மலைவேம்புச் சாறு குடிக்கச் சொல்வது தமிழ்நாடு முழுக்கப் பரவிய வழக்கம். இந்தப் பெயரில் இரண்டு மரங்கள் வழங்குகின்றன, அதில் ஒன்றின் காய் நச்சு. தெருவோரத்தில் யாரோ அரைத்து விற்கும் சாறு எந்த மரம், எவ்வளவு அடர்த்தி என்று யாருக்கும் தெரியாது. கூடவே, "போக்கு இந்த முறை கொஞ்சம்தான்" என்று தோன்றும் மாதத்தில் சாறு குடிக்கும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், அது ஆரம்பக் கர்ப்பத்தின் சொட்டாகவும் இருக்கலாம். கற்றாழை சேர்ந்த குமரி வகை மருந்துகளும், அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவும் கர்ப்பத்தில் ஆகாதவை. முயற்சி நடக்கும் மாதத்தின் பின்பாதியில் நீங்கள் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்பதால் அப்போதும் வேண்டாம். அரிஷ்டம், ஆசவம் என்ற திரவ மருந்துகள் எல்லாவற்றிலும் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது.

உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளை முயற்சிக் காலத்தில் தொடவே வேண்டாம் என்போம். ரசம், லிங்கம் என்றால் பாதரசம்; தாளகம் என்றால் ஆர்சனிக்; காரீயம் என்றால் ஈயம். நாகம் என்பது சித்தத்தில் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் ஈயம், ஆகவே சீட்டில் பெயரைப் படித்து மட்டும் நம்ப முடியாது. ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்பத்தின்போது இரத்தத்துக்குத் திரும்பிவந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேரும். இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட 6 கர்ப்பிணிகளுக்கு நியூயார்க் நகரில் 2011, 2012இல் ஈய நஞ்சு கண்டறியப்பட்டது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பதற வேண்டாம்: இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உத்தரபஸ்தி, அதாவது கருப்பைக்குள் மருந்து எண்ணெய் செலுத்துவது, சாக்லேட் கட்டி உள்ளவர்களுக்கு ஆபத்து. கட்டிக்குள் தேங்கிய பழைய இரத்தத்தில் கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். எச்.எஸ்.ஜி.யில் எண்ணெய் சார்ந்த சாயம் பயன்படுத்துவதால் கருத்தரிப்பு கூடுவது நிஜம். நியூசிலாந்தில் நடந்து 2004இல் வெளியான சிறிய ஆய்வில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. அது கிருமி நீக்கி, எக்ஸ்ரே பார்த்தபடி செய்யும் காரியம். இரண்டையும் ஒன்றென்று சொல்லி யாரும் உங்களைப் படுக்க வைக்க விடாதீர்கள்.

போவதென்று முடிவெடுத்தால்

பி.எஸ்.எம்.எஸ். (சித்தம்) அல்லது பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதம்) படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தின் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமுறை மருத்துவமனை, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு இடங்களில் என்ன மருந்து என்று சீட்டில் எழுதித் தருவார்கள். கேட்க வேண்டியவை மூன்றே: இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, கரு தங்கினால் எந்த நாளில் நிறுத்த வேண்டும், எத்தனை மாதத்தில் பலனில்லை என்று ஒப்புக்கொள்வீர்கள். காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லாப் பொடியை வாங்காதீர்கள். பாட்டிலில் உரிம எண், பேட்ச் எண், சேர்மானம் மூன்றும் வேண்டும்.

"ஆங்கில மருந்தை எல்லாம் நிறுத்துங்கள்", "கட்டி கரைந்துவிடும், ஸ்கேன் வேண்டாம்", "உத்தரவாதம்" – இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலே எழுந்து வாருங்கள். பெண் மலட்டுத்தன்மையைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமே தடை செய்கிறது. சுவரொட்டியில் அப்படி எழுதியிருப்பவர் சட்டத்தை மீறியபடிதான் உங்களை வரவேற்கிறார்.

அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தால் அவசரப்படாதீர்கள். சாக்லேட் கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய்விடும், ஏ.எம்.எச். இறங்கும். இரண்டாவது முறை, இரு பக்கமும் என்றால் இழப்பு அதிகம். ஐ.வி.எஃப்.புக்கு முன் கட்டியை எடுத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்குச் சான்றில்லை. வலி தாங்கவில்லை, முட்டை எடுக்க வழியில்லை போன்ற காரணம் இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கப்போகும் எந்தச் சிகிச்சைக்கும் 2 வாரம் முன்பே மூலிகை, மீன் எண்ணெய், மஞ்சள் காப்ஸ்யூல் எல்லாவற்றையும் நிறுத்தி, சாப்பிட்டதை மருத்துவரிடம் பாட்டிலோடு காட்டுங்கள். திட்டு விழும் என்று மறைத்தால் இரத்தப்போக்குக்கும் கல்லீரல் ரிப்போர்ட்டில் வரும் குழப்பத்துக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

நாள் தள்ளிப்போனால் அன்றே பரிசோதனை செய்யுங்கள், மூலிகை மருந்துகளை அன்றே நிறுத்துங்கள். ஃபோலிக் அமிலமும் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளும் தொடரட்டும். எண்டோமெட்ரியோசிஸில் கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால் 6 வாரத்தில் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு பக்க அடிவயிற்றில் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் வந்தால் வழக்கமான வலிதானே என்று சுடுதண்ணீர்ப் பை வைத்துப் படுக்காமல் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.