எச்டிஎம்எல் கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் நாம் செய்யும் பிழைகளை உலாவி பெரும்பாலும் சுட்டிக்காட்டுவதில்லை. மூடாமல் விட்ட குறிச்சொல்லை (டேக்) தானே மூடி, எப்படியோ ஒரு பக்கத்தைக் காட்டிவிடுகிறது. திரையில் சரியாகத் தெரிவதால் அந்தப் பிழைகள் பல ஆண்டுகள் அப்படியே தங்கிவிடுகின்றன.

கோப்பின் முதல் வரியில், இது எச்டிஎம்எல் ஆவணம் என்று சொல்லும் டாக்டைப் அறிவிப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், 1990களில் எழுதப்பட்ட பக்கங்களுக்காக வைத்திருக்கும் ‘குவர்க்ஸ்’ முறைக்கு உலாவி மாறிவிடும். பெட்டிகளின் உயரமும் அட்டவணைக்குள் வரும் எழுத்தின் அளவும் எதிர்பாராத வகையில் மாறுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

தமிழில் எழுதுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான எழுத்துக் குறியாக்கம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியும் 3 பைட் இடம் பெறுவதால், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் கொண்ட ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. குறியாக்கத்தை அறிவிக்காதபோது உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டால், அச்சொல் பொருளற்ற லத்தீன் குறிகளாகச் சிதறிவிடும். எனவே குறியாக்கத்தைக் குறிப்பிடும் மெட்டா குறிச்சொல்லை, பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இடம்பெறும் ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே, கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் எழுத வேண்டும். கோப்பையும் அதே குறியாக்கத்தில் சேமித்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களில் நான் மிகவும் வருந்தும் தவறு வேறொன்று. ஆயத்த வார்ப்புருவை எடுத்துப் பயன்படுத்துவோர், மொழியைக் குறிக்கும் லேங் பண்புக்கூறில் ஆங்கிலத்துக்கான ‘இஎன்’ என்பதை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். அங்கே தமிழுக்குரிய ‘டிஏ’ இல்லாதபோது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறக்கூடும். இரண்டே எழுத்துகளை மாற்றினால் ஒருவர் நம் பக்கத்தைத் தம் மொழியில் கேட்க முடியும் என்பதால் இதைச் சிறு பிழையாக நான் கருதுவதில்லை.

எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தலைப்புக் குறிச்சொற்களைப் பயன்படுத்துவதும் தவறு. எச்1 முதல் எச்6 வரையிலானவை உள்ளடக்கத்தின் படிநிலையைச் சொல்பவை. அளவை மாற்றுவது, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் வேலை. அதுபோல, பத்திக்குரிய குறிச்சொல்லுக்குள் பட்டியலை வைக்கக் கூடாது. பட்டியல் தொடங்கும் இடத்திலேயே உலாவி பத்தியை முடித்துவிடும். பொத்தானுக்குப் பட்டன் குறிச்சொல் இருக்க, வெறும் பெட்டியான டிவ் ஒன்றைப் பொத்தான்போல அலங்கரித்து வைத்தால், விசைப்பலகையின் டேப் விசையால் அதை அடைய முடியாது.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சரிபார்ப்புக் கருவி இவற்றுள் சிலவற்றை வரி எண்ணுடன் காட்டிவிடும். படத்துக்கு ஆல்ட் என்னும் மாற்று உரை விடுபட்டிருந்தாலும் சொல்லும். ஆனால் அந்த இடத்தில் ‘படம் 1’ என்று எழுதியிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும். படத்தில் இருப்பது தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் என்று எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.