போஸ்ட்மாஸ்டர் முகவரி: எந்த டொமைனுக்கு வேண்டும், எப்படி அமைப்பது?

நீங்கள் அனுப்பும் மெயிலையெல்லாம் ஒரு டொமைன் திருப்பி அனுப்புகிறது. அங்கே உங்களுக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் ஒரு முகவரி கேட்காமலே தெரியும்: போஸ்ட்மாஸ்டர், அட் குறி, அந்த டொமைனின் பெயர். இணையத்தின் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள், 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 முதல் 2008-இன் ஆர்எஃப்சி 5321 வரை, மெயில் வாங்கும் இடத்தில் இந்தப் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. உங்கள் டொமைனிலும் அதை அமைத்துவிடலாம்.

படி 1: எந்தெந்த டொமைனுக்கு என்று முடிவு செய்யுங்கள்

உங்களிடம் உள்ள டொமைன்களையும் சப்டொமைன்களையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் விவரப் பட்டியலில்) எம்எக்ஸ் ரெக்கார்ட், அதாவது மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் பதிவு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போஸ்ட்மாஸ்டர் கட்டாயம்.

எம்எக்ஸ் இல்லாவிட்டால் மெயில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எம்எக்ஸ் இல்லையென்றால், அனுப்பும் சர்வர் அந்தப் பெயரின் ஐபி முகவரிக்கே நேராகப் போய்க் கதவைத் தட்டும். அங்கே சர்வர்கள் மெயில் வாங்கும் வாசலான 25-ஆம் போர்ட்டில் ஒரு மெயில் சர்வர் காத்திருந்தால், அந்தப் பெயருக்கும் போஸ்ட்மாஸ்டர் வேண்டும்.

செய்திமடல் அனுப்ப மட்டும் வைத்திருக்கும் சப்டொமைனை மறந்துவிடாதீர்கள். அங்கிருந்து போகிற மெயிலில் கோளாறு என்றால், அந்தப் பெயருக்குத்தான் புகார் எழுதுவார்கள்.

மெயில் வாங்காத, அனுப்பாத டொமைன்தானா? அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முன்னுரிமை 0, சர்வர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் ஒரு புள்ளி என்று எம்எக்ஸ் ரெக்கார்ட் போடுங்கள். இதற்கு நல் எம்எக்ஸ் என்று பெயர். 2015-இன் ஆர்எஃப்சி 7505 இதை வரையறுக்கிறது. அந்த டொமைனுக்கு போஸ்ட்மாஸ்டர் தேவையில்லை.

படி 2: முகவரியை உருவாக்குங்கள்

தனி இன்பாக்ஸ் வேண்டாம். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். தினமும் மெயில் பார்க்கும் இரண்டு பேருக்குப் போகும்படி அலியாஸ் (மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் மாற்றுப் பெயர்) போடுங்கள். உங்கள் மெயில் சர்வர் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் அலியாஸ் கோப்பில் ஒரு வரி போதும். பிறகு அலியாஸ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். நிறுவனங்களுக்கான கூகுளின் மெயில் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் இந்தப் பெயர் ஒதுக்கப்பட்டது. அதே பெயரில் ஒரு குழுவை உருவாக்கினால் மெயில்கள் உங்களுக்கும் வரும்.

படி 3: ஸ்பேம் வடிகட்டியைத் தளர்த்துங்கள்

ஒரு டொமைனிலிருந்து வந்த ஸ்பேமின் நகலை இணைத்து அதன் போஸ்ட்மாஸ்டருக்கு ஒருமுறை எழுதினேன். என் புகாரையே ஸ்பேம் என்று வடிகட்டி தள்ளிவிட்டது. புகார் சொல்ல வருபவர் அந்த ஸ்பேமைக் காட்டித்தானே ஆக வேண்டும்? அதனால் இந்த முகவரிக்கு உள்ளடக்கச் சோதனையிலிருந்து விலக்குக் கொடுங்கள்.

படி 4: பெயரைப் பூட்டுங்கள்

உங்கள் டொமைனில் பொதுமக்கள் தாங்களே மெயில் கணக்குத் தொடங்கலாம் என்றால், இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். டொமைன் உங்களுடையதுதானா என்று உறுதிசெய்ய, டிஎல்எஸ் சான்றிதழ் (ஒரு தளம் அந்த டொமைனுடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) தருபவர்கள் மெயில் அனுப்பலாம் என்று அனுமதிக்கப்பட்ட பெயர்களில் போஸ்ட்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், வெப்மாஸ்டர், அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகியவை உண்டு. இவற்றில் ஒன்றை வெளியாள் எடுத்துக்கொண்டால், உங்கள் டொமைனுக்கே அவர் சான்றிதழ் வாங்கிவிட முடியும். ஐந்தையும் ஒதுக்கிவையுங்கள்.

படி 5: சோதியுங்கள்

வெளியே உள்ள ஒரு மெயில் கணக்கிலிருந்து இரண்டு மெயில் அனுப்புங்கள்: ஒன்றில் பெயர் முழுவதும் சிறிய எழுத்து, இன்னொன்றில் பெரிய எழுத்தும் கலந்து. இரண்டும் வந்து சேர வேண்டும். இதே சோதனையை, சர்வரை மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். புது சர்வருக்குப் போகும்போது அலியாஸ் கோப்புதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.