பிளெண்டரில் கட்டங்கள் பெருகிவிட்டால் என்ன செய்வது?

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் திரை பல கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அதில் ஒரு கட்டத்தின் மூலையைத் தெரியாமல் இழுத்துவிட்டால் அது இரண்டாகிவிடும். பதறிப்போய் கன்ட்ரோல் இசட் அழுத்தினால் கட்டங்கள் அப்படியே இருக்கும். நீங்கள் செய்துவைத்த மாடலில்தான் ஒரு படி காணாமல் போகும். அண்டூ உங்கள் வேலைக்குத்தான், திரை அமைப்புக்கு இல்லை.

படி 1: எது கட்டம் என்று பாருங்கள்
'லேஅவுட்' பக்கத்தில் முதலில் இருப்பவை நான்கு: பெரிதாக 3டி வியூபோர்ட் (மாடல் தெரியும் இடம்), அதன் கீழே டைம்லைன் (அனிமேஷனின் நேரக்கோடு), வலப்பக்கம் அவுட்லைனர் (பொருட்களின் பட்டியல்), ப்ராப்பர்ட்டீஸ் (அவற்றின் அமைப்புகள்). வியூபோர்ட்டுக்குள் வரும் பட்டைகள் தனிக் கட்டங்கள் அல்ல. இடப்பக்கப் பட்டையைக் காட்டவும் மறைக்கவும் டி (T) கீ, வலப்பக்கப் பட்டைக்கு என் (N) கீ.

படி 2: கூடுதல் கட்டத்தை மூடுங்கள்
எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மூடுவதற்குப் பெருக்கல் குறி எங்கேயும் கிடையாது. பக்கத்துக் கட்டம் அதை விழுங்க வேண்டும். வேண்டிய கட்டத்தின் மூலையில் மவுஸை வையுங்கள், கர்சர் கூட்டல் குறியாக மாறும். அங்கிருந்து வேண்டாத கட்டத்துக்குள் இழுங்கள். தன் கட்டத்துக்குள்ளேயே இழுத்தால் இன்னொன்று பிறக்கும், ஜாக்கிரதை. தவறான திசை என்று தெரிந்தால் மவுஸை விடுவதற்கு முன்பே எஸ்கேப்.

எனக்கு மூலை விளையாட்டே பிடிக்காது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள கோட்டில் ரைட் கிளிக் செய்து, 'ஜாயின்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுப்பேன். பழைய பதிப்புகளில் பொது எல்லை முழுதாகப் பொருந்தாவிட்டால் சேராது. அப்போது சின்னக் கட்டங்களை முதலில் ஒன்றாக்குங்கள்.

படி 3: மவுஸைக் கவனியுங்கள்
மவுஸ் எந்தக் கட்டத்தின் மேல் இருக்கிறதோ, கீ அங்கேதான் வேலை செய்யும். கிளிக் செய்தீர்களா என்பது கணக்கே இல்லை. ஒரு கட்டத்தைத் திரை முழுக்க விரிக்கும் கன்ட்ரோல் ஸ்பேஸும் அப்படித்தான்.

படி 4: ரொம்பக் கலைந்துவிட்டதா?
மேலே தாவல்களின் கடைசியில் உள்ள கூட்டல் குறி, ஜெனரல், லேஅவுட் என்று வரிசையாக அழுத்துங்கள். புத்தம் புதிய பக்கம் வந்துவிடும். அப்புறம் பழையதை ரைட் கிளிக் செய்து அழிக்கலாம். இதற்காக, எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் 'லோட் ஃபேக்டரி செட்டிங்ஸ்' வரை போக வேண்டாம்.

பிற்சேர்க்கை: கன்ட்ரோல் ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டார்கள். மொழி மாற்றும் குறுக்குவழியும் அதுவாக இருந்தால் கணினி அதைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மாற்றுங்கள். வேறொருவரின் கோப்பைத் திறந்ததும் திரையே மாறிவிடுகிறதா? ஓப்பன் பெட்டியில் பல்சக்கரப் படத்தை அழுத்தி, 'லோட் யுஐ' டிக்கை எடுத்துவிட்டுத் திறங்கள்.