பழைய ஸ்விஃப்ட் டீசலில் டர்போ காற்றுக் கசிவைக் கண்டறியும் முறை

மாருதி ஸ்விஃப்ட் காரில் 2007 முதல் இடம்பெற்ற 1248 சிசி டீசல் எஞ்சின், ஃபியட் நிறுவனம் உருவாக்கிய மல்ட்டிஜெட் ஆகும். 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் இந்த எஞ்சினை, பிஎஸ்6 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி கைவிட்டது. இப்போது கைமாறும் வண்டிகள் எல்லாமே வயதானவை என்பதால், ‘பிக்கப் இல்லை, மிதித்தால் கரும்புகை வருகிறது’ என்ற புகாரும், அதற்கு மறுமொழியாக ‘டர்போ போய்விட்டது’ என்ற தீர்ப்பும் வழக்கமாகிவிட்டன. புதிய டர்போவுக்கோ ரீமேப்புக்கோ (எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றி எழுதுவது) பணம் கட்டும் முன், காற்றுப் பாதையில் கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, அதைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் வழியாக எஞ்சினை அடைகிறது. அது வழியில் கசிந்தாலும் பிக்கப் குறைந்து கரும்புகை வரும். இடையிலுள்ள ஹோஸ்கள் வெப்பத்தாலும் எண்ணெய்ப் படிவாலும் ஊறி, பெரும்பாலும் கிளாம்ப்பின் விளிம்பில், அதுவும் கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் வெடிக்கின்றன. அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் இந்த வெடிப்பு, எஞ்சின் நின்றிருக்கும்போதோ ஐடிலில் ஓடும்போதோ தெரியாது. ஹோஸின் உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பதைக் கண்டும் அஞ்ச வேண்டாம். எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் வழியாக வரும் எண்ணெய் ஆவி அங்கே படிவது இயல்பு.

தேவையான பொருள்கள் குறைவு. டர்போவின் காற்று நுழைவாயிலுக்குப் பொருந்தும் ரப்பர் ஹோஸ் துண்டு, அதன் மறுமுனையை அடைக்கும் பிவிசி குழாய் மூடி, பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வு, இரண்டு கிளாம்ப், அளவுமானி உள்ள கால் பம்ப், சோப்புத் தண்ணீர் ஆகியவை போதும். கம்ப்ரசரைவிடக் கால் பம்பையே நான் விரும்புகிறேன். அழுத்தம் மெதுவாக ஏறுவதால் எங்கே சத்தம் தொடங்குகிறது என்பதைக் கேட்க முடிகிறது.

எஞ்சின் முழுமையாக ஆறிய பிறகு, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குச் செல்லும் ஹோஸைக் கழற்றி, மூடியில் துளையிட்டு வால்வைப் பொருத்தி, டர்போ வாயிலில் இறுக்குங்கள். வாய்க்குள் தூசியோ பிவிசி சீவலோ விழக் கூடாது. 10 முதல் 12 பிஎஸ்ஐ வரை ஏற்றினால் போதும். மூடி கழன்றால் கல்லைப் போல் பாயும்; ஆகவே அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. பம்ப் செய்யச் செய்ய அழுத்தம் ஏறாமல், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து பலத்த காற்றுச் சத்தம் வரும். உடனே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, எஞ்சினை இறக்கும் பேச்சு தொடங்கிவிடும். நீங்கள் பொருத்திய மூடிக்கும் டர்போவுக்கும் இடையே பிரீதர் ஹோஸ் இணைந்திருந்தால், நீங்கள் செலுத்தும் காற்று அந்த வழியாகவே நேராக எஞ்சினின் அடிப்பகுதிக்குள் போய்விடும் என்பதே பல வேளைகளில் உண்மையான காரணம். ஆகவே முதலில் அந்த இணைப்பைக் கழற்றி, டர்போ பக்கத்து வாயை அடைத்துவிடுங்கள். அடைத்த பிறகும் ஆயில் மூடியில் மெல்லிய சீறல் கேட்டால் அது ரிங் இடைவெளிகள், டர்போ சீல் வழியாகச் செல்லும் இயல்பான கசிவு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சைலன்சர் முனையில் சத்தம் வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஏதேனும் ஒரு சிலிண்டரில் இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருக்கலாம், அல்லது புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி படிந்து மூடாமல் சிக்கியிருக்கலாம். ஐந்தாவது கியரில் போட்டு, வண்டியைச் சற்றே முன்னே தள்ளிப் பாருங்கள். சத்தம் நின்றால் முதல் காரணம். தொடர்ந்தால் ஈஜிஆர் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இவை தீர்ந்தபின் ஒவ்வோர் இணைப்பிலும், குறிப்பாக அடிப்பக்கத்தில், சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். குமிழி கசிவைக் காட்டிக் கொடுக்கும். ஹோஸைக் கையால் வளைத்தும் பாருங்கள்.

டர்போவின் ஷாஃப்டையும் இப்போதே விரலால் அசைத்துப் பார்த்துவிடலாம். பக்கவாட்டில் சிறிதளவு ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் உணரத்தக்க ஆட்டம் இருந்தாலோ இறக்கைகள் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போவை மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றும்போது, ஆயில் செல்லும் மெல்லிய குழாயையும் கரி அடைப்பு உண்டா என்று பார்க்காவிட்டால், புதிய டர்போவும் அதே வழியில் போய்விடும்.

மேம்படுத்துவதில் என் வரிசை எளியது: கையேடு சொல்லும் தரத்தில் ஆயில், நல்ல ஹோஸ்கள், பிரேக்கும் டயரும், அதன்பின் வேண்டுமானால் ரீமேப். எஞ்சின் சூட்டை உள்ளிழுக்கும் திறந்த கூம்பு ஃபில்டர்கள் வெறும் சத்தத்துக்குத்தான் உதவும். ரீமேப் செய்தால் கிளட்ச் முதலில் வழுக்கும் என்பதையும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: சிலிக்கோன் ஹோஸ் போட்ட பிறகும் கசிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். துளைப்பற்கள் உள்ள சாதாரணக் கிளாம்ப் சிலிக்கோனை அறுத்துவிடும். உட்புறம் வழுவழுப்பான, போல்ட்டால் இறுகும் அகலக் கிளாம்ப்பை வாங்குங்கள். குழாயின் வெளிப்புற எண்ணெயை முழுமையாகத் துடைத்த பிறகே மாட்டுங்கள். இல்லையெனில் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் நழுவிவிடும்.