அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாக் காடுகளில் பருவக் குறிப்பேடு: தொடங்குபவர்களுக்கான செய்முறை

மரம் துளிர்ப்பது, தவளை குரலெழுப்புவது போன்ற பருவ மாற்றங்கள் எந்த நாளில் நிகழ்கின்றன என்று எழுதிவைப்பதே பருவக் குறிப்பேடு.

படி 1. அடிக்கடி நடக்கக்கூடிய ஒரு தடத்தில் ஓர் ஆஸ்பென் (அகன்ற இலை மரம்), ஒரு டாமராக் (ஊசியிலை மரம்), பனி உருகும்போது நீர் தேங்கும் ஒரு பள்ளம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மரத்தை மாற்றக் கூடாது. பக்கத்துப் பக்கத்து ஆஸ்பென் கூட்டங்களே வெவ்வேறு நாள்களில் துளிர்ப்பதுண்டு.

படி 2. பென்சிலும் தாளும் போதும். கடுங்குளிரில் பேனா மை இறுகிவிடும், கைப்பேசியின் மின்கலமும் சட்டென இறங்கிவிடும் என்பதால் நான் வேறெதையும் பரிந்துரைப்பதில்லை.

படி 3. தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வசந்தத்தின் தொடக்கத்தில் ஆஸ்பென் கிளைகளில் சாம்பல் நிறப் பஞ்சுபோல வெளிவருவது பூங்கதிரே தவிர இலை அன்று. இலை அதற்குப் பின்னரே வரும். மொட்டு பருத்திருப்பதும் கணக்கில் சேராது. மொட்டின் நுனியில் பச்சை தெரிய வேண்டும், ஆனால் இலைக்காம்போ இலையின் அடிப்பகுதியோ தெரியும் அளவுக்கு விரிந்திருக்கக் கூடாது. அந்த நிலையைத்தான் ‘துளிர்ப்பு’ என்று எழுத வேண்டும். கண்மட்டத்தில் உள்ள ஒரே கிளையை ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்லது.

படி 4. எதுவும் நிகழாத நாளில் ‘இன்னும் இல்லை’ என்று தேதியுடன் எழுதுங்கள். மே 12 அன்று துளிரைக் கண்டதாக மட்டும் எழுதினால், அது அன்றுதான் வந்ததா, பல நாள் முன்பே வந்துவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. மே 9 அன்று ‘இல்லை’ என்ற பதிவு இருந்தால் இடைவெளி மூன்று நாள்களாகச் சுருங்கிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் செயலி கண்டதைப் பதிவதற்கே ஏற்றது, ஆகவே இந்த வேலைக்கு ‘இல்லை’ என்ற விடையையும் ஏற்கும், பருவ மாற்றங்களைப் பதிவதற்கான நேச்சர்ஸ் நோட்புக் இணையத் திட்டத்தையே நான் விரும்புகிறேன்.

படி 5. விலங்குகளுக்குக் காதும் தரையும் துணை. பள்ளத்தில் வாத்துகள் கத்துவதுபோல் கேட்டால், அவை பெரும்பாலும் வுட் ஃபிராக் தவளைகள். கரையோரத்தில் பனிக்கட்டி மிச்சமிருக்கும்போதே குரலெழுப்பத் தொடங்கிவிடும். கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் இருக்கும் ஸ்னோஷூ முயலின் தடத்தில் பெரிய பின்னங்கால் சுவடுகள் சிறிய முன்னங்கால் சுவடுகளுக்கு முன்னால் விழுந்திருக்கும், அது சென்ற திசையும் அதுவே. முயலைக் கண்டால் உடலில் வெள்ளை எவ்வளவு, தரையில் பனி எவ்வளவு என இரண்டையும் எழுதுங்கள்; நிறமாற்றத்தைத் தொடங்கிவைப்பது பகலின் நீளம் என்பதால், பனி தாமதிக்கும் ஆண்டுகளில் வெள்ளை முயல் பழுப்புத் தரையில் பளிச்சென்று தெரியும்.

பின்சேர்க்கை: ஊசியிலை மரம் இலையுதிர்காலத்தில் பட்டுப்போய்விட்டதாகச் சிலர் தங்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். டாமராக் ஆண்டுதோறும் பொன்மஞ்சளாகி ஊசிகளை உதிர்க்கும் மரம். சுள்ளியில் ஊசிகள் கொத்தாக முளைத்திருந்த சிறு புடைப்புகள் வரிசையாக இருந்தால், அது டாமராக்தான்; ‘பட்டுவிட்டது’ என்பதை அடித்துவிட்டு ‘ஊசி உதிர்ந்தது’ என்று எழுதுங்கள்.